உழுது அழித்த பருத்திக்கு வந்த பணம்: ஆர்கன்சா வாரக்குடிகள், 1933–1939

பெருமந்தக் காலத்து அமெரிக்க நிவாரணத் திட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "கறுப்பினத்தவருக்குக் குறைவாகக் கிடைத்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். உண்மைதான். ஆனால் எந்த வழியாகப் போய், எந்த இடத்தில் குறைந்தது என்று பார்த்தால்தான் திட்டம் தீட்டுகிறவர்களுக்கும் அதைக் களத்தில் நடத்துகிறவர்களுக்கும் உதவும். இங்கே எடுத்துக்கொண்ட பருத்தித் திட்டத்தின் சட்டத்தில் தோல் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அப்படியிருந்தும் பணம் நிறம் பார்த்துத்தான் போய்ச் சேர்ந்தது.

ஒரே திட்டத்தை, பெரும்பாலும் ஒரே வட்டாரத்தில் பின்தொடர்கிறது இந்த ஆய்வு. திட்டம், 1933-இல் தொடங்கிய பருத்திப் பரப்புக் குறைப்பு. வட்டாரம், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள வடகிழக்கு ஆர்கன்சா. பாதிக்கப்பட்ட குடும்பங்களும் சம்பந்தப்பட்ட பண்ணையாரும் பெயரில்லாமல் வருகிறார்கள். அரசுப் பொறுப்பில் இருந்தவர்களும் பொதுவாழ்வில் அறியப்பட்டவர்களும் மட்டும் பெயரோடு வருகிறார்கள்.

பின்னணி: பருத்தியும் பற்றுக் கணக்கும்

1929-இல் ஒரு பவுண்டு பருத்திக்கு விவசாயி கையில் கிடைத்தது ஏறக்குறைய 17 சென்ட். 1931-இல் அது 6 சென்ட்டுக்கும் கீழே போனது. 1932 கோடையில் 5 சென்ட்டைக்கூடத் தொடவில்லை. 1931-இல் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பேல் விளைந்திருந்தது. விற்காத சரக்கு கிடங்குகளில் மலைபோலக் குவிந்து கிடந்தது. விலை சரியச் சரிய, கடனை அடைக்க விவசாயி இன்னும் அதிகமாக விதைத்தார். அதனால் விலை இன்னும் சரிந்தது.

இந்தச் சரிவில் யார் எவ்வளவு அடிபட்டார்கள் என்பது அவரவர் எந்தப் படியில் நின்றார்கள் என்பதைப் பொறுத்தது. மேல்படியில் நிலச் சொந்தக்காரர். அடுத்து, பணமாகக் குத்தகை கட்டுபவர். அதற்கும் கீழே, சொந்தக் கோவேறு கழுதையும் கலப்பையும் வைத்துக்கொண்டு, விளைச்சலில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கை நிலக்காரருக்கு அளக்கும் பங்குக் குத்தகைதாரர். அவருக்கும் கீழே வாரக்குடி. வீடு, விதை, கலப்பை, கழுதை எல்லாம் பண்ணையாருடையது, குடும்பத்தின் உழைப்பு மட்டும் அவருடையது, விளைச்சலில் பாதி. கடைசிப் படியில் நாள்கூலி. வாரக்குடியைச் சட்டம் பெரும்பாலும் குத்தகைதாரராகவே ஏற்கவில்லை. விளைந்தது பண்ணையாரின் பயிர், வாரக்குடி அதில் கூலியாகப் பங்கு வாங்கும் வேலையாள் என்பதே நீதிமன்றங்களின் பார்வை. இந்த நுணுக்கம் பின்னால் பெரிய விலை கேட்டது.

வாரக்குடியின் ஆண்டு மார்ச்சில் பற்றோடு தொடங்கும். மாவு, உப்புக்கண்டப் பன்றிக்கறி, சர்க்கரைப்பாகு, மண்ணெண்ணெய் எல்லாம் பண்ணைக் கடையில் கடனாக வரும். வட்டியும் ஏறும். இலையுதிர் காலத்தில் பருத்தி எடுத்து, எடை போட்டு, விற்று, பற்றைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் அவர் பங்கு. எடை போடுபவரும் பண்ணையார், விற்பவரும் பண்ணையார், கணக்கு எழுதுபவரும் அவரே. நம் ஊர்ப் பண்ணைக் கணக்குப்பிள்ளையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1932-இல் பற்று போக ஒன்றும் மிஞ்சாத குடும்பங்களே அதிகம்.

1930 கணக்கெடுப்பின்படி, அமெரிக்கக் கறுப்பினத்தவரில் ஐந்தில் நான்கு பேர் தென் மாநிலங்களில் இருந்தார்கள். அங்கே விவசாயம் செய்த கறுப்பினத்தவரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்குச் சொந்த நிலம் இல்லை. வாரக்குடிகளில் வெள்ளையர்களும் ஏறக்குறையச் சரிபாதி இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. தெற்கு முழுவதும் எடுத்தால் கறுப்பின வாரக்குடிகள் சுமார் 3,93,000, வெள்ளை வாரக்குடிகள் சுமார் 3,83,000. ஆனால் வெள்ளை விவசாயிகள் எல்லாப் படிகளிலும் இருந்தார்கள். கறுப்பின விவசாயிகள் அடிப்படிகளிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும். ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தல் வெள்ளையர்களுக்கு மட்டும். அந்த உள்தேர்தல்தான் அங்கே உண்மையான தேர்தல். ஆகவே மாவட்ட நிர்வாகம் முதல் வாஷிங்டன்வரை அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்த அதிகாரிக்கும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1919-இல் இதே மாநிலத்தின் ஃபிலிப்ஸ் மாவட்டத்தில், எலேன் என்ற ஊருக்கு அருகே, நேர்மையான கணக்குக் கேட்டுக் கறுப்பின வாரக்குடிகள் ஒரு சங்கம் கட்டினார்கள். ஏராளமானவர்கள் கொல்லப்பட்டார்கள். கறுப்பினத்தவர் 12 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1923-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்கள் உயிர் தப்பினார்கள். 1933-இல் அந்த நினைவுக்குப் பதினான்கு வயதுதான். "புகார் கொடுத்திருக்கலாமே" என்று கேட்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1933 கோடை: முதல் முடிவு

1933 மே 12 அன்று விவசாயச் சீரமைப்புச் சட்டம் கையெழுத்தானது. அதற்குள் பருத்தி முளைத்து வளர்ந்துவிட்டது. விதைப்பைக் குறைக்கக் காலம் கடந்துவிட்டதால், விவசாய அமைச்சர் ஹென்றி வாலஸின் துறை நின்ற பயிரை உழுது அழிக்கப் பணம் தருவதாக அறிவித்தது. பணமாக மட்டும் வாங்கிக்கொண்டால், விளைச்சலைப் பொறுத்து ஏக்கருக்கு 7 முதல் 20 டாலர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி, ஒரு கோடி ஏக்கருக்கு மேல் அழிக்கப்பட்டது.

வரிசைகளுக்கு நடுவே மட்டும் நடக்கப் பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள் செடியை மிதிக்க மறுத்து நின்றன. செடியில் கால் பட்டால் அடி விழும் என்று பழக்கியிருந்தவர்களே இப்போது செடிமேல் ஓட்ட வேண்டியிருந்தது. அந்த ஆண்டுப் பத்திரிகைகள் இதை ஒரு வேடிக்கையாக எழுதின.

இந்தச் சட்டம் வேகமாகச் செயல்பட வேண்டியிருந்தது. அதற்கு ஆள்பலம் வேண்டும். புதிதாக ஓர் அமைப்பை உருவாக்க நேரமில்லை என்று, ஏற்கெனவே இருந்த விவசாய விரிவாக்கத் துறையின் மாவட்ட அலுவலர்களிடம் வேலையை ஒப்படைத்தார்கள். அவர்களுக்கு உதவியாக உள்ளூர்க் குழுக்கள். பருத்தி மாவட்டங்களில் இந்தக் குழுக்களில் உட்கார்ந்தவர்கள் யார்? நிலச் சொந்தக்காரர்கள், கடன் கொடுக்கும் வணிகர்கள். எல்லோரும் வெள்ளையர்கள். விரிவாக்கத் துறையில் கறுப்பின அலுவலர்களும் சிலர் இருந்தார்கள். அவர்கள் வெள்ளை அலுவலருக்குக் கீழே வேலை பார்த்தார்கள். கறுப்பின விவசாயிகளுக்குத் திட்டத்தை விளக்குவதற்கு அவர்கள் பயன்பட்டார்கள். ஏக்கர் அளப்பதிலோ பங்கு தீர்ப்பதிலோ அவர்களுக்கு வேலை இல்லை.

பணம் பெரும்பாலும் நிலச் சொந்தக்காரர் வழியாகவே போனது. வாரக்குடிக்கு உரிய பங்கை அவர் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அவர் அதைப் பற்றுக் கணக்கில் வரவு வைத்தார். சில இடங்களில் பழைய பாக்கிக்கும் சேர்த்து.

1934–35 ஒப்பந்தம்: கணக்கு எப்படி வந்தது

அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் அவசரத்தில் எழுதப்படவில்லை என்பதால் அதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். பருத்திப் பிரிவின் தலைவர் கல்லி காப், தெற்கின் விவசாயப் பத்திரிகை உலகிலிருந்து வந்தவர். நிதிப் பொறுப்பில் இருந்த ஆஸ்கர் ஜான்ஸ்டன், மிசிசிப்பியின் மிகப் பெரிய பருத்திப் பண்ணை நிறுவனத்தின் தலைவர். பணம் பிரியும் முறையைத் தீர்மானித்தவர்களில் வாரக்குடியின் பக்கத்திலிருந்து யாரும் இல்லை.

விவசாயி தன் பருத்திப் பரப்பில் ஏறக்குறைய 40 விழுக்காட்டை அரசுக்கு 'வாடகை'க்கு விடுவார். அதற்கு இரண்டு வகைப் பணம். ஒன்று, வாடகைத் தொகை: விடப்பட்ட நிலத்தின் சராசரி விளைச்சலில் பவுண்டுக்கு 3.5 சென்ட். இன்னொன்று, விலைச் சமன் தொகை: உள்நாட்டுத் தேவைக்கான பங்குக்குப் பவுண்டுக்கு 1 சென்ட். வாடகைத் தொகை முழுவதும் நிலக்காரருக்கு. விலைச் சமன் தொகை மட்டும் வாரக்குடியோடு பாதிப் பாதி.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் 20 ஏக்கர் பார்க்கிறது, ஏக்கருக்கு 200 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ஏக்கர் வாடகைக்குப் போகிறது. 1,600 பவுண்டுக்கு 3.5 சென்ட் வீதம் 56 டாலர் பண்ணையாருக்கு. சமன் தொகையும் அதே 1,600 பவுண்டுக்கு 1 சென்ட் வீதம் 16 டாலர். அதில் ஆளுக்கு 8. ஆக மொத்தம் பண்ணையாருக்கு 64 டாலர், வாரக்குடிக்கு 8 டாலர். விளைந்திருந்தால் அந்த 8 ஏக்கரில் பாதி வாரக்குடியுடையது. விளையாமல் போட்டதற்கு ஒன்பதில் ஒரு பங்கு. அந்த 8 டாலரும் நேரே கைக்கு வரவில்லை. வாரக்குடி சார்பில் பண்ணையார்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பங்குக் குத்தகைதாரருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருந்தது. பண்ணையைத் தானே நிர்வகிக்கிறார் என்று ஏற்கப்பட்டால் வாடகைத் தொகையிலும் பாதி. ஆனால் ஒருவர் 'நிர்வகிக்கும் குத்தகைதாரரா' வெறும் வாரக்குடியா என்று சொல்வது நிலக்காரர், உறுதி செய்வது நிலக்காரர்களின் குழு. ஒரே பேனா வீச்சில் குத்தகைதாரர் வாரக்குடி ஆனார். வாரக்குடி கூலியாளாக மாற்றப்பட்டால் அந்த 8 டாலரும் கொடுக்க வேண்டியதில்லை.

குடும்பங்களை வெளியேற்றுவார்கள் என்ற பயம் ஒப்பந்தம் எழுதியவர்களுக்கும் இருந்தது. ஏழாவது பத்தியில் ஒரு காப்புச் சேர்த்தார்கள். அதன்படி, நிலக்காரர் தன் பண்ணையில் வழக்கமான எண்ணிக்கையில் குத்தகைக்காரர்களை 'இயன்றவரை' வைத்திருக்க வேண்டும். அவர்கள் 1934, 1935 இரண்டு ஆண்டும் வாடகையில்லாமல் வீட்டில் இருக்கலாம், தொல்லையாகவோ நிலக்காரர் நலனுக்கு ஆபத்தாகவோ நடந்துகொள்ளாதவரை. இங்கே இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. எண்ணிக்கை என்றால் அதே குடும்பங்களா, அதே அளவு குடும்பங்களா? தொல்லை என்று தீர்மானிப்பது யார்?

களத்தில் தெரிந்தவை

1934 தொடக்கத்திலிருந்தே வாஷிங்டனுக்குக் கடிதங்கள் குவிந்தன. பென்சிலில், கோடுபோட்ட தாளில், பெரும்பாலும் வேறு யாரோ எழுதிக் கொடுத்தவை. பங்கு வரவில்லை, வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், என்ன தாள் என்று சொல்லாமலே கைநாட்டு வைக்கச் சொன்னார்கள் என்று அவற்றில் இருந்தது. துறை அந்தக் கடிதங்களை என்ன செய்தது என்பதுதான் இந்த ஆய்வில் முக்கியமான இடம். 'உள்ளூரில் விசாரிக்கவும்' என்று மாவட்ட அலுவலருக்கே திருப்பி அனுப்பியது. அவர் அதைக் குழுவுக்குக் கொண்டுபோனார். சில நேரங்களில் யார்மேல் புகாரோ அவரே குழுவில் இருந்தார். புகார் எழுதிய குடும்பம் எதுவென்று இதனால் பண்ணையாருக்குத் தெரிந்துபோனது. வெள்ளை வாரக்குடிக்கு இது வீடு போகும் ஆபத்து. கறுப்பின வாரக்குடிக்கு உயிர் போகும் ஆபத்து.

திட்டத்துக்குச் சாதகமான ஒன்றும் இங்கே பதிய வேண்டும். கட்டாயப் பருத்திக் கட்டுப்பாட்டுக்கான பேங்க்ஹெட் சட்டத்தைத் தொடரலாமா என்று 1934 டிசம்பரில் பருத்தி விவசாயிகளிடையே வாக்கெடுப்பு நடந்தது. பல மாவட்டங்களில் கறுப்பின விவசாயிகளும் வாக்களித்தார்கள். பொதுத் தேர்தலில் சீட்டையே பார்த்திராத பலர் இதில் ஓட்டுப் போட்டார்கள். திட்டத்துக்கு அவர்களின் ஆதரவு தேவைப்பட்டபோது பெட்டி திறந்தது. குழுவில் இடம் மட்டும் திறக்கவில்லை.

டைரான்சா: வெளியேற்றமும் சங்கமும்

ஆர்கன்சாவின் பாயின்செட் மாவட்டத்தில் டைரான்சா ஒரு சிற்றூர். அதன் அருகே இருந்த ஒரு பெரும் பண்ணையில் 1934-இன் முதல் மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பரப்புக் குறைந்ததால் ஆள் தேவையில்லை என்பது ஒரு காரணம். இருக்கும் குடும்பங்களுக்கும் நிலம் சிறுசிறு துண்டாகக் குறுகியது.

அந்த ஊரில் எச். எல். மிட்செல் சலவைக்கடை வைத்திருந்தார். பக்கத்தில் கிளே ஈஸ்ட் பெட்ரோல் பங்க் நடத்தினார். இருவரும் வெள்ளையர்கள், சோஷலிஸ்ட்கள். 1934 ஜூலையில் ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டம் கூடியது. வெள்ளையர் 11 பேர், கறுப்பினத்தவர் 7 பேர். முதலில் வந்த கேள்வி: ஒரு சங்கமா, இரண்டா? எலேன் சங்கத்தில் இருந்து தப்பிய ஒரு வயதான கறுப்பினத்தவர் எழுந்து, தனித்தனியாக நின்றதால்தான் முன்பு அழிந்தோம் என்று பேசினார். ஒரே சங்கம் என்று முடிவானது. தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கம் அப்படித் தொடங்கியது. அன்றைய ஆர்கன்சாவில் இது சாதாரண முடிவு அல்ல. ஆனால் நடைமுறையில் பல ஊர்க் கிளைகள் நிறவாரியாகத் தனித்தனியாகவே கூடின.

சங்கத்தின் முதல் பெரிய முடிவு, நீதிமன்றம் போவது. ஏழாவது பத்தியை மீறி வெளியேற்றினார்கள் என்று வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் மீறல் நடந்ததா என்ற கேள்விக்குள்ளேயே போகவில்லை. ஒப்பந்தம் அரசுக்கும் நிலக்காரருக்கும் இடையிலானது. வாரக்குடி அதில் தரப்பினர் அல்ல. அதனால் வழக்குப் போட உரிமையில்லை. மேலே சொன்ன சட்ட நுணுக்கம் இங்கேதான் வந்து நின்றது. அவர்களைக் காக்க எழுதிய பத்தியைக் காட்டிக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

1935-இன் முதல் மாதங்களில் அடக்குமுறை தீவிரமானது. கூட்டங்கள் கலைக்கப்பட்டன. சங்கத்தின் துணைத் தலைவரான கறுப்பினப் போதகரின் வீட்டில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. மார்ச்சில் பேர்ட்சாங் என்ற ஊரில் பேச வந்த சோஷலிஸ்ட் தலைவர் நார்மன் தாமஸை மேடையிலிருந்து இறக்கி, மாவட்டத்தை விட்டே விரட்டினார்கள். அவர் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவர், வெள்ளையர். அவருக்கே அந்தக் கதி. சங்கம் தன் அலுவலகத்தை ஆற்றைத் தாண்டி மெம்ஃபிஸுக்கு மாற்றிக்கொண்டது.

வாஷிங்டனில் எடுத்த முடிவு

விவசாயச் சீரமைப்புத் துறைக்குள்ளும் சண்டை நடந்தது. ஜெரோம் ஃபிராங்க் தலைமையிலான சட்டப் பிரிவில் இளம் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். துறைத் தலைவர் செஸ்டர் டேவிஸ், அவருக்குக் கீழே காப், விரிவாக்கத் துறைக்காரர்கள் மறுபக்கம். 1935 ஜனவரியில் மேரி கானர் மையர்ஸ் என்ற வழக்கறிஞரை ஆர்கன்சாவுக்கு அனுப்பி விசாரித்தார்கள். அவர் தந்த அறிக்கை வெளியிடப்படவே இல்லை.

சட்டப் பிரிவு, ஏழாவது பத்தியின் பொருள் 'அதே குடும்பங்களை வைத்திருக்க வேண்டும்' என்று கருத்துரை எழுதியது. டேவிஸ் ஊரில் இல்லாத நேரத்தில் அது வெளியே போனது. திரும்பி வந்த டேவிஸ், 1935 பிப்ரவரி 5 அன்று ஃபிராங்க்கையும் அவரோடு நின்ற சிலரையும் வேலையிலிருந்து நீக்கினார். வாலஸ் டேவிஸ் பக்கம் நின்றார். பத்தியின் பொருள், எண்ணிக்கை மட்டும்தான் என்று நிலைபெற்றது.

ஏன் இப்படி? டேவிஸ் தரப்பின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. நிலக்காரர்கள் ஒத்துழைக்காவிட்டால் ஒரே பருவத்தில் திட்டம் படுத்துவிடும், விலை மறுபடி 5 சென்ட்டுக்குப் போகும், அப்போது முதலில் பட்டினி கிடப்பது வாரக்குடிதான் என்பது அவர்கள் கணக்கு. அரசியல் கணக்கும் இருந்தது. செனட் பெரும்பான்மைத் தலைவர் ஜோசப் ராபின்சன் ஆர்கன்சாக்காரர். விவசாயக் குழுத் தலைவர் எலிசன் ஸ்மித் தென் கரோலினாக்காரர். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் எந்த மசோதாவும் இவர்களைத் தாண்டிப் போக முடியாது. பருத்தி ஒப்பந்தத்தை வைத்துத் தெற்கின் சமூக அமைப்பையே புரட்ட முடியாது என்பது டேவிஸ் தரப்பின் நிலைப்பாடு. என் பார்வையில் இந்த வாதத்தில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. ஒப்பந்தம் அந்தச் சமூக அமைப்பைத் தொடாமல் விடவில்லை. பண்ணையார் கையில் ரொக்கத்தைக் கொடுத்து, அந்த அமைப்பை அவர் விருப்பப்படி மாற்ற வழி செய்தது. அந்த ரொக்கத்தில் டிராக்டர் வாங்கியவர்கள் பலர்.

பொது நிவாரணம் ஏன் கைகொடுக்கவில்லை

நிலத்தை இழந்தவர்களுக்கு வேறு நிவாரணம் இருந்ததே என்று கேட்கலாம். ஹாரி ஹாப்கின்ஸின் கூட்டாட்சி அவசர நிவாரண நிர்வாகம் 1933 மே முதல் இயங்கியது. அதே ஆண்டு அக்டோபர் கணக்கெடுப்பில் கறுப்பினத்தவரில் 17.8 விழுக்காட்டினர் நிவாரணம் பெற்றார்கள், வெள்ளையரில் 9.5 விழுக்காட்டினர். இந்தப் புள்ளிவிவரத்தை மட்டும் காட்டிக் கறுப்பினத்தவருக்கு அதிகம் கிடைத்தது என்று வாதிட்டவர்கள் உண்டு. தேவை எவ்வளவு, தொகை எவ்வளவு, எப்போது நிறுத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். 1935 மே மாதம் அட்லாண்டாவில் மாத நிவாரணச் சராசரி வெள்ளையருக்கு 32.66 டாலர், கறுப்பினத்தவருக்கு 19.29. கறுப்பினக் குடும்பம் குறைந்த செலவில் வாழப் பழகியது என்று நிவாரண அலுவலகங்களில் காரணம் சொல்லப்பட்டது.

பருத்தி மாவட்டங்களில் இன்னொரு வழக்கம். எடுப்புப் பருவம் வந்ததும் நிவாரணப் பட்டியல் மூடப்படும். வேலை இருக்கிறதே, போய்ப் பருத்தி எடு என்பார்கள். என்ன கூலி என்ற கேள்வி எழாது. நிவாரண வேலைக்கு மணிக்கு 30 சென்ட் என்ற குறைந்தபட்சக் கூலி, பண்ணைக் கூலியைக் கெடுக்கிறது என்று தெற்கிலிருந்து புகார் குவிந்ததும் 1934 நவம்பரில் கைவிடப்பட்டது. 1935 ஆகஸ்டில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் முதுமைக் காப்பீட்டில் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் சேர்க்கப்படவில்லை. வேலை செய்த கறுப்பினத்தவரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இந்த இரண்டு வகைக்குள் வந்துவிட்டார்கள். விலக்கு நிர்வாக வசதிக்காகவா, தெற்கின் அழுத்தத்தாலா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். வரி வசூலிப்பது கடினம் என்று கருவூலத் துறை சொன்னது உண்மை. வெளியே நின்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பின்விளைவு, 1935–1939

1935 இலையுதிர் காலத்தில் சங்கம் பருத்தி எடுப்பு வேலைநிறுத்தம் அறிவித்தது. நூறு பவுண்டுக்கு ஒரு டாலர் கேட்டார்கள். பல இடங்களில் 75 சென்ட் கிடைத்தது. உறுப்பினர் எண்ணிக்கை 25,000-ஐத் தொட்டதாகச் சங்கம் சொல்லிக்கொண்டது. ஏழாவது பத்தியில் தோற்றவர்களுக்கு இது பெரிய வெற்றி.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விவசாயச் சீரமைப்புச் சட்டத்தின் அடித்தளத்தையே செல்லாது என்று தீர்த்தது. அதே ஆண்டு மண்வளப் பாதுகாப்பு என்ற பெயரில் வந்த மாற்றுச் சட்டத்தில் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளப்பட்டது: குத்தகைதாரருக்கும் வாரக்குடிக்கும் உரிய பங்கு அவர்களுக்கே நேரடியாக. 1938 சட்டமும் அதைத் தொடர்ந்தது. சங்கம் கேட்டது இதைத்தான்.

ஆனால் பண்ணையாருக்கு இப்போது புதிய கணக்கு. வாரக்குடி இருந்தால் காசோலையில் ஒரு பங்கு போகிறது. அவரைக் கூலியாளாக மாற்றினால் முழுதும் தனக்கே. ஆர்கன்சாவுக்கு வடக்கே, மிசௌரி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 1939 ஜனவரி தொடக்கத்தில், ஒப்பந்த ஆண்டு முடிந்ததும் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஜனவரி 10 காலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், கூடவே வெள்ளையர்களும், 60, 61 நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் கட்டில், அடுப்பு, கோழிக்கூண்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சங்கத்தைச் சேர்ந்த ஓவன் விட்ஃபீல்டு என்ற கறுப்பினப் போதகர் ஏற்பாடு செய்த போராட்டம் இது. சாலையில் போகிற எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்பதுதான் யோசனை. சில நாட்களில் சுகாதாரக் கேடு என்று அறிவித்து அரசு அவர்களைக் கலைத்து, சாலையிலிருந்து தெரியாத இடங்களுக்கு ஏற்றிச் சென்றது.

படங்கள் அதற்குள் நாடு முழுவதும் போய்விட்டன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் அந்த வட்டாரத்தில் பத்துக் குடியிருப்புகளில் சுமார் 600 வீடுகள் கட்டியது. கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிக் குடியிருப்பு.

1940 கணக்கெடுப்பில் தெற்கின் கறுப்பின வாரக்குடிகள் 3 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தார்கள். வெள்ளை வாரக்குடிகளும் 2,42,000 ஆகக் குறைந்தார்கள். விழுக்காட்டில் பார்த்தால் வெள்ளையரின் சரிவே அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் போன இடங்கள் வேறு. ஆலை வேலையும் அரசு வேலைத் திட்டங்களின் நல்ல கூலியும் வெள்ளையருக்கு முதலில் திறந்தன. கறுப்பினக் குடும்பங்களுக்கு அதே வயலில் நாள்கூலி, அல்லது மெம்ஃபிஸ், செயின்ட் லூயிஸ், சிகாகோ.

எதை மாற்றியிருக்கலாம்

முதல் நாளிலிருந்தே உழுபவர் பெயரில் காசோலை. இது அன்றே முடியாத காரியம் இல்லை என்பதை 1936 காட்டியது. மூன்று ஆண்டு தாமதத்தில், பெறவேண்டியவர்கள் பலர் நிலத்திலேயே இல்லை.

காசோலை மட்டும் போதாது என்பதை 1939 காட்டியது. பணத்தின் வழியை மாற்றிவிட்டு, குடும்பத்தை எந்தப் படியில் வைப்பது என்ற அதிகாரத்தைப் பழைய கையிலேயே விட்டால், அந்தக் கை படியை மாற்றிவிடும். ஆகவே 1933-இல் யார் எந்த நிலையில் உழுதார்களோ, அந்தப் பட்டியலை அப்படியே உறையவைத்து, ஆளை மாற்றினால் நிலக்காரரின் தொகையும் நிற்கும் என்று எழுதியிருக்க வேண்டும். 'இயன்றவரை' என்ற சொல்லுக்கு இடமே இருந்திருக்கக் கூடாது.

புகார் விசாரணை மாவட்டத்துக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். இது மிக மலிவான மாற்றம். கடிதத்தைத் திருப்பி அனுப்பாமல் இருந்திருந்தால் போதும், சில குடும்பங்களாவது வீட்டோடு இருந்திருக்கும். குழுக்களில் குத்தகைதாரர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இடம் ஒதுக்குவது இதைவிடக் கடினம், ஆனால் வாக்கெடுப்பில் பெட்டி திறந்தவர்களால் அதையும் செய்திருக்க முடியும்.

தெற்கின் செனட்டர்கள் விட்டிருப்பார்களா என்பது நியாயமான கேள்வி. 1935-இல் விட்டிருக்க மாட்டார்கள். அதற்குள் விலை 10 சென்ட்டைத் தாண்டி, பண்ணையார் நிமிர்ந்துவிட்டார், நிபந்தனையை எதிர்க்க வலுவும் வந்துவிட்டது. 1933 கோடை வேறு. பண்ணை அடமானத்தில், வங்கி மூடிக்கிடக்க, 5 சென்ட் பருத்தியோடு நின்ற நிலக்காரருக்கு அரசின் காசோலையைத் தவிர வேறு பணம் இல்லை. அவர் கையெழுத்துப் போட வந்த அந்தச் சில வாரங்களில்தான் அரசின் பேச்சுக்கு எடை இருந்தது. ஏழாவது பத்தி எழுதப்பட்டது அதற்குப் பிறகு, அடுத்த ஒப்பந்தத்தில்.